நான்கு தடவை புதைக்கப்பட்டவரின் கோப்பு: சாந்தியாகோ நீதிபதிகளுக்கு வெள்ளவத்தையிலிருந்து ஒரு திறந்த மடல்

சாந்தியாகோ மேல்முறையீட்டு நீதிமன்றத்தாருக்கும், சிலிக் கவிஞர் பாப்லோ நெரூதாவின் மரணத்தை விசாரிக்கும் நீதிபதிக்கும்,

கனம் நீதிபதி அவர்களே,

நான் ஓய்வுபெற்ற நீதிமன்ற மொழிபெயர்ப்பாளர். சாட்சிக் கூண்டுக்குப் பக்கத்தில் நின்று, தமிழில் சொன்னதைச் சிங்களத்திலும் சிங்களத்தில் கேட்டதைத் தமிழிலும் மாற்றிக் கொடுத்தே முப்பத்தொரு வருடம் சீவித்தேன். அதில் எத்தனையோ மரண விசாரணைகள். பாம்பு கடித்தது, கிணற்றில் விழுந்தது, ரயிலில் பாய்ந்தது, காவலில் இருந்தபோது 'தானாகவே' தூக்கில் தொங்கியது. செத்தவர் எப்படிச் செத்தார் என்று ஒரு தாளில் எழுதி முத்திரை குத்தும் வரை உறவுக்காரர் வாங்கை விட்டு எழும்பமாட்டார்கள். அந்தத் தாளில் எழுதியது பொய் என்று தெரிந்தாலும், பொய்யைக் கையில் வாங்கிக்கொண்டுதான் போவார்கள். வெறுங்கையோடு போவது அதைவிடக் கொடுமை.

உங்கள் வழக்கைப் பல வருடமாகப் பத்திரிகையில் பின்தொடர்ந்து வருகிறேன். தொழில் பழக்கம் ஒரு காரணம். இன்னொரு காரணம் விலாசம். நான் இருப்பது கொழும்பு வெள்ளவத்தையில், காலி வீதியிலிருந்து கடற்பக்கம் இறங்கும் ஒழுங்கைகளில் ஒன்றில். ஒழுங்கை முடிந்தால் மரைன் டிரைவ், பிறகு தண்டவாளம், கருங்கல், கடல். இன்றைக்கு இந்த இடத்தைச் சின்ன யாழ்ப்பாணம் என்பார்கள். 1929இல் இந்தக் கரையில் ஒரு வீட்டில், சிலி நாட்டுத் தூதரகப் பொறுப்பாளராக, இருபத்தைந்து வயதுகூட நிரம்பாத ஒரு பெடியன் வாடகைக்கு இருந்தான். அவன்தான் பின்னால் உங்கள் நெரூதா. எனவே நாங்கள் ஒரு வகையில் அயலட்டைக்காரர். அயலட்டைச் சாவைப் பற்றிக் கேட்க எங்கள் பக்கத்தில் எல்லாருக்கும் உரிமை உண்டு.

எங்களிடம் ஒருவர் செத்தால் எட்டு, முப்பத்தொன்றில் அந்தியேட்டி, ஆண்டு திரும்பினால் திவசம், அத்தோடு காரியம் முடிந்தது. உங்கள் கவிஞரை நான்கு தடவை அடக்கம் செய்திருக்கிறீர்கள். அதில் முதலாவது மறக்க முடியாதது.

1973 செப்டெம்பர் 11இல் படையினர் ஜனாதிபதி மாளிகைக்குக் குண்டு போட்டார்கள். ஜனாதிபதி சல்வடோர் அலெண்டே அங்கேயே இறந்தார். பன்னிரண்டு நாள் கழித்து, 23ஆம் திகதி இரவு, சாந்தியாகோவில் சாந்தா மரியா கிளினிக்கில் நெரூதா இறந்தார். வயது 69. மனைவி மத்தில்தே உருத்தியா உடலை நேரே மயானத்துக்குக் கொண்டுபோகவில்லை. லா சஸ்கோனா என்ற அவர்களுடைய வீட்டுக்கே கொண்டுபோனார். அந்த வீட்டை அதற்குள் உடைத்துத் தள்ளியிருந்தார்கள். ஜன்னல் கண்ணாடி நிலமெல்லாம் சிதறிக் கிடந்தது. பக்கத்து வாய்க்காலைத் திருப்பிவிட்டு வீட்டுக்குள் சேறும் தண்ணீருமாக்கியிருந்தார்கள். பலகை போட்டுத்தான் பெட்டியை உள்ளே எடுத்தார்களாம். வேறிடத்தில் வைக்கலாம் என்று மற்றவர்கள் சொல்லியும் மத்தில்தே கேட்கவில்லை. செத்த வீட்டுக்கு வருகிறவர்கள் காலடியில் கண்ணாடி நொறுங்குவதைக் கேட்கட்டும் என்றே நினைத்தார் போலும். அந்த மனுஷியின் அந்த ஒரு முடிவுக்காகவே நான் அவரைக் கும்பிடுவேன்.

செப்டெம்பர் 25 ஊர்வலம் புறப்பட்டபோது ஆட்கள் கொஞ்சம்தான். இரு பக்கமும் துவக்கோடு ஆமிக்காரர். வழிநெடுகச் சனம் சேர்ந்தது. மயானத்தை நெருங்கும்போது ஒருவர் கத்தினார்: தோழர் பாப்லோ நெரூதா! கூட்டம் பதில் சொன்னது. அந்தப் பதில் சொல்லை ஆங்கிலத்தில் "இருக்கிறார்" என்கிற மாதிரி மொழிபெயர்த்திருக்கிறார்கள். எனக்கு அது போதவில்லை. வழக்கு எண்ணைக் கூப்பிட்டதும் எங்கள் நீதிமன்றத்தில் கேட்கும் ஒரு சொல் இருக்கிறதே, அதுதான் சரி: ஆஜர். தோழர் நெரூதா? ஆஜர். தோழர் அலெண்டே? ஆஜர். விக்டர் ஹாரா? ஆஜர். ஹாரா அதே நாட்களில் படையினர் கொன்ற பாடகர். ஆட்சியைப் பிடித்து இரண்டு கிழமை ஆகாத படையினருக்கு முன்னால் இடதுசாரிகளின் சர்வதேச கீதமும் பாடினார்கள். படைத்தலைவர் பினோசேயின் ஆட்சிக்கு எதிராகத் தெருவில் பகிரங்கமாகக் கிளம்பிய முதல் எதிர்ப்பு ஒரு செத்த வீடு. எங்களுக்கு இது விளங்கும். கூட்டம் கூடத் தடை போட்ட நாட்களில் இங்கேயும் பிரேதம் போன வழியில்தான் சனம் ஒன்றுசேர்ந்தது.

அன்று இடம் கிடைத்தது இரவல் கல்லறையில், தெரிந்த குடும்பம் ஒன்றின் மண்டபத்தில். அடுத்த வருடமே அங்கிருந்து எடுத்து, அதே பொது மயானத்தில் சுவரில் வரிசையாக இருக்கும் மாடக்குழி ஒன்றுக்கு மாற்றினார்கள். கடலைப் பார்த்தபடி, தன் கடற்கரை வீடு இருந்த ஈஸ்லா நேக்ராவில் புதைக்கச் சொல்லி அவர் கேட்டிருந்தது நிறைவேறியது 1992 டிசெம்பரில்தான், படையாட்சி ஒழிந்த பிறகு. மத்தில்தேயும் பக்கத்தில். 2013 ஏப்ரல் 8ஆம் திகதி நீங்கள் தோண்டினீர்கள். 2016 ஏப்ரலில் திரும்ப வைத்தீர்கள். இதுதான் நாலாவது.

தோண்டியது பிழை என்று நான் சொல்லவரவில்லை.

மரணச் சான்றிதழில் எழுதியிருப்பது, புரோஸ்டேட் சுரப்பிப் புற்றுநோய் பரவி உடல் முற்றாக மெலிந்து உருக்குலைந்ததால் மரணம் என்று. ஆனால் செப்டெம்பர் 24ஆம் திகதி எல் மெர்குரியோ பத்திரிகை, வலிக்காக ஏற்றிய ஊசி ஒன்றுக்குப் பிறகு அதிர்ச்சி ஏற்பட்டு மாரடைப்பு வந்ததாக எழுதியது. அது ஆட்சிக்கு எதிரான பத்திரிகையும் இல்லை. ஒரு சாவுக்கு இரண்டு காரணம். எங்கள் திடீர் மரண விசாரணை அதிகாரி ஒருவர் இப்படி இரண்டு தாளை ஒன்றாகப் பார்த்தால், வெற்றிலையைத் துப்பிவிட்டு, "எது உண்மை, யார் எழுதினது, கூப்பிடுங்கோ" என்பார். உங்கள் நாட்டில் கூப்பிட 38 வருடம் சென்றது.

கூப்பிடவைத்தவர் மனுவேல் அராயா, நெரூதாவின் சாரதி. கம்யூனிஸ்ட் கட்சி அவரை அந்த வேலைக்கு விட்டபோது இளந்தாரி. 2011இல் ஒரு மெக்சிக்கோ சஞ்சிகைக்கு அவர் சொன்னது: செப்டெம்பர் 23 அன்று தானும் மத்தில்தேயும் சாமான் எடுக்க ஈஸ்லா நேக்ராவுக்குப் போயிருந்தார்கள். மெக்சிக்கோவுக்குப் பறக்க எல்லா ஏற்பாடும் முடிந்து, விமானமும் தயார். அப்போது கிளினிக்கிலிருந்து நெரூதாவின் தொலைபேசி வந்தது. நித்திரையில் இருந்தபோது யாரோ வயிற்றில் ஊசி ஏற்றிவிட்டதாகச் சொன்னாராம். ஓடி வந்து பார்த்தால் காய்ச்சலில் முகம் சிவந்து கிடந்தார். மருந்து வாங்கிவரச் சொல்லி அராயாவை வெளியே அனுப்பினார்கள். போகிற வழியில் பிடித்து, அடித்து, காலில் சுட்டு, தேசிய விளையாட்டரங்கில் கொண்டுபோய் அடைத்தார்கள். அன்று இரவு நெரூதா இல்லை.

ஏன் இவ்வளவு காலம் சொல்லவில்லை? குறுக்கு விசாரணையில் முதற்கேள்வி எப்போதும் இதுதான். நூறு தடவையாவது இதை நான் தமிழில் மாற்றிக் கேட்டிருப்பேன். பதிலும் எப்போதும் ஒன்றுதான்: சொன்னேன் ஐயா, கேட்க ஆள் இல்லை. அராயாவும் அதைத்தான் சொன்னார். நெரூதா அறக்கட்டளை அவரை நம்பவில்லை. ஆதாரம் இல்லாமல் நம்பத் தேவையுமில்லை. சாரதிமார் பொய் சொல்வதில்லை என்றும் நான் வாதிடமாட்டேன். சாட்சிக் கூண்டில் எல்லா வகுப்பாரும் பொய் சொல்லக் கேட்டவள் நான். ஆனால் கம்யூனிஸ்ட் கட்சி முறைப்பாடு கொடுத்து, நீதிமன்றம் கோப்பைத் திறந்து, எலும்பைத் தோண்டினதெல்லாம் ஒரு சாரதியின் வாயால் வந்தது. அவர் 2023 ஜூனில் இறந்துவிட்டார். தீர்ப்பைக் கேட்காமலே.

பரிசோதனைகளுக்கு வருகிறேன். 2013 நவம்பரில் முதல் அறிக்கை: புற்றுநோய் உண்மை, எலும்புக்கும் பரவியிருக்கிறது, நஞ்சு எதுவும் அகப்படவில்லை. முடிந்தது என்றுதான் எல்லாரும் நினைத்தோம். 2017 ஒக்டோபரில் பதினாறு நிபுணர்கள் சேர்ந்து சொன்னது வேறு: சான்றிதழில் உள்ளபடி மெலிந்து உருக்குலைந்து சாகவில்லை, இறக்கும்போது அவர் பருத்த உடம்புக்காரர். இது சின்ன விஷயமா? ஒரு வைத்தியர் கையெழுத்திட்ட மரண காரணம் பொய் என்று பதினாறு பேர் ஒருமித்துச் சொன்னார்கள். எந்த நாட்டு நீதிமன்றத்திலும் இந்த ஒரு புள்ளியே போதும், கையெழுத்தின் மேல் விளக்குப் பிடிக்க.

பிறகு அந்தக் கடைவாய்ப் பல். ஒரு கடைவாய்ப் பல்லுக்குள் குளோஸ்திரிடியம் போட்யூலினம் என்ற பற்றீரியாவின் மரபணுத் துண்டுகள் அகப்பட்டன. இது மண்ணில் சாதாரணமாகக் கிடக்கும் கிருமி. காற்றில்லாத இடத்தில் பெருகும். பழுதான தகரப்பேணி உணவிலும் வரும். அது சுரக்கும் நஞ்சு உலகில் உள்ளதிலேயே கொடியவற்றில் ஒன்று. நரம்பைக் கட்டிப்போட்டு மூச்சை நிறுத்திவிடும். மண்ணில் கிடக்கும் கிருமி, மண்ணில் கிடந்த எலும்பில் ஒட்டியதா, உயிரோடிருந்தவருக்குள் இருந்ததா? கனடாவிலும் டென்மார்க்கிலும் அந்தப் பல்லை வைத்துக்கொண்டு வருடக்கணக்காகப் பார்த்தார்கள். 2023 பெப்ரவரியில் வந்த அறிக்கை, அவர் இறக்கும் வேளையில் அந்தக் கிருமி உடலுக்குள் இருந்தது என்கிறது. அது எப்படி உள்ளே போனது, அதனால்தான் இறந்தாரா என்ற இரண்டையும் அந்த அறிக்கை அறுதியிட்டுச் சொல்லவில்லை.

ஒருத்தருடைய பல்லுக்குள் ஐம்பது வருடம் ஒரு சாட்சி ஒளிந்திருக்கலாம் என்பது எனக்குப் புதிது. அதுவும் அரைகுறைச் சாட்சி. "நான் அங்கே இருந்தேன், ஆனால் அடித்தது யாரென்று பார்க்கவில்லை" என்று சொல்லும் சாட்சி. அப்படிப்பட்டவர்களை எனக்கு நன்றாகத் தெரியும்.

போட்யூலினம் என்ற சொல் உங்கள் நீதிமன்றங்களுக்குப் புதிதல்ல. 1981 டிசெம்பரில் சாந்தியாகோ பொதுச் சிறையில் அரசியல் கைதிகளுக்கு அந்த நஞ்சு போய், இருவர் இறந்தார்கள். அதற்காக 1973இலும் அதுவே நடந்தது என்று ஆகிவிடாது. ஆனால் இப்படியும் செய்யும் ஆட்கள்தான் அவர்கள் என்பதைக் கோப்பிலிருந்து மறைக்கவும் முடியாது.

2023 டிசெம்பரில் விசாரணை நீதிபதி, போதும், மேலதிக நடவடிக்கை வேண்டாம் என்று மறுத்தார். 2024 பெப்ரவரியில் நீங்கள், மேல்முறையீட்டு நீதிமன்றத்தார், ஏகமனதாகக் கோப்பை மீண்டும் திறந்தீர்கள். சான்றிதழின் கையெழுத்தைக் கையெழுத்து நிபுணரிடம் காட்டச் சொன்னீர்கள். வெளிநாட்டுப் பரிசோதனை முடிவுகளை எல்லாம் ஒன்றாக வைத்து மறுபடி பார்க்கச் சொன்னீர்கள். அதைப் படித்த அன்று நான் தேநீரை ஆறவிட்டுவிட்டேன். கையெழுத்தைப் பாருங்கள் என்று 1973இலேயே ஒருவர் சொல்லியிருக்க வேண்டியது.

என் முதல் விண்ணப்பம் இதுதான்: முடித்துவையுங்கள். எதை எழுதினாலும் எழுதி முடியுங்கள்.

உங்களுக்கு இது கைவராத வேலையல்ல. 2011இல் அலெண்டேயின் உடலைத் தோண்டினீர்கள். சுட்டுக் கொன்றார்கள் என்று பாதி உலகம் நம்பியிருந்தது, நம்ப விரும்பியும் இருந்தது. அவர் தன் கையால் தன் உயிரை எடுத்தார் என்று உறுதிசெய்தீர்கள். குடும்பம் ஏற்றுக்கொண்டது. அவர் சின்னவராகிவிடவில்லை. விக்டர் ஹாராவைக் கொன்ற ஏழு முன்னாள் படையினரின் தண்டனையை 2023 ஓகஸ்டில் உங்கள் உச்ச நீதிமன்றம் உறுதிசெய்தது. அதற்கு ஐம்பது வருடம். ஒருவருக்குத் தற்கொலை என்று எழுதினீர்கள், இன்னொருவருக்குக் கொலை என்று எழுதினீர்கள். மயானத்தில் ஆஜர் சொன்ன மூன்று பேரில் நெரூதாவுக்கு மட்டும் அந்தக் கட்டம் வெறுமையாக இருக்கிறது.

எங்கள் சட்டத்தில் திறந்த தீர்ப்பு என்று ஒன்று உண்டு. இவர் எப்படி இறந்தார் என்று இந்த ஆதாரங்களால் சொல்ல முடியாது என்று எழுதி, ஏன் முடியாது என்பதையும் எழுதுவது. சோம்பேறி நீதவான் எழுதினால் அது தட்டிக்கழிப்பு. உழைத்தவர் எழுதினால் அதுவும் ஒரு உண்மை. சான்றிதழ் பொய், யார் எழுதியது இன்னார், சாரதியை அன்று அனுப்பியது இன்னார், கிருமி இருந்தது, கொன்றதா என்று நிறுவ முடியவில்லை, நிறுவ முடியாமற்போனதற்குக் காரணம் முப்பத்தெட்டு வருடம் ஒருவரும் தேடாதது: இப்படி எழுதினாலும் எனக்குப் போதும். நான் யார் போதும் என்று சொல்ல என்று கேட்பீர்கள். சரிதான். ஆனால் எலும்புக்காகக் காத்திருப்பது பற்றி எங்களுக்கும் கொஞ்சம் தெரியும். மன்னாரில் முந்நூறுக்கு மேற்பட்ட எலும்புக்கூடுகளைத் தோண்டி, மாதிரிகளை அமெரிக்காவுக்கு அனுப்பினார்கள். நூற்றாண்டுகள் பழையவை என்று 2019இல் முடிவு வந்தது. காணாமற்போன பிள்ளைகளைத் தேடி அன்று அழுத தாய்மார் சிலருக்கு ஆறுதலா ஏமாற்றமா என்று அவர்களுக்கே தெரியவில்லை. யாழ்ப்பாணத்துச் செம்மணிப் புதைகுழியில் 2025இல் தோண்டத் தோண்ட எலும்புக்கூடுகள் இருநூறு தாண்டிப் போயின. ஒரு சிறுபிள்ளையின் கூட்டோடு நீல நிறப் பள்ளிக்கூடப் பை ஒன்றும் வந்தது. எனவே ஒரு பல்லை நாடு நாடாக அனுப்பிப் பார்க்கும் உங்கள் நீதிமன்றத்தைப் பார்த்து எனக்குப் பொறாமை உண்டு. அதை ஒளிக்கவில்லை.

இனி இரண்டாவது விஷயம். இது உங்கள் நியாயாதிக்கத்துக்குள் வராது. தெரிந்துதான் எழுதுகிறேன்.

நெரூதா இறந்த அடுத்த வருடம், 1974இல், அவருடைய நினைவுநூல் வெளிவந்தது. தலைப்பே ஒப்புதல் வாக்குமூலம் போன்றது: வாழ்ந்தேன், அதை ஒப்புக்கொள்கிறேன் என்று. அதில் இலங்கைப் பகுதியில் அவர் எழுதியிருக்கிறார். வெள்ளவத்தை வீட்டின் பின்பக்கம் வாளிக் கக்கூசு. காலையில் வாளி சுத்தமாக இருக்கும். எப்படி என்று அவருக்கு முதலில் தெரியாது. ஒருநாள் நேரத்தோடு எழும்பியபோது கண்டார்: ஒரு தமிழ்ப் பெண், மலம் அள்ளும் சாதிக்காரி, மலிந்த துணியில் சிவப்புச் சேலை, காலில் கனத்த வளையம், வாளியைத் தலையில் தூக்கிக்கொண்டு போகிறாள். அழகில் மயங்கி, பட்டுத் துணி, பழம் என்று வழியில் வைத்துப் பார்த்தார். அவள் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. ஒரு காலையில் மணிக்கட்டைப் பிடித்து இழுத்துக்கொண்டு போனார். கண்ணை மூடாமல், ஒரு சொல் பேசாமல், சிலைபோல அவள் கிடந்ததை அவரே எழுதுகிறார். அவள் தன்னை இகழ்ந்தது நியாயம் என்றும் எழுதுகிறார். பிறகு அடுத்த கதைக்குப் போய்விடுகிறார்.

நான் நீதிமன்றத்தில் வேலை செய்தவள். இதற்குப் பெயர் வன்புணர்ச்சி. வேறு பெயர் இல்லை.

அந்தப் பக்கங்களில் நெரூதா வளர்த்த ஒரு கீரியும் வருகிறது. அதற்குப் பெயர் உண்டு: கிரியா. எங்கள் கீரி என்ற சொல்லையே அவர் காதில் விழுந்தபடி எழுதினாரோ என்று நினைத்திருக்கிறேன். வேலைக்காரப் பெடியனுக்கும் பெயர் உண்டு. அவளுக்கு மட்டும் இல்லை. சாட்சிக் கூண்டில் ஏறும் எவரிடமும் முதலில் கேட்பது மூன்று கேள்வி: பெயர், வயது, விலாசம். கள்ளனிடமும் கேட்போம், மந்திரியிடமும் கேட்போம். ரிக்கார்டோ நெப்தாலி ரெயஸ் என்று பிறந்து, நெரூதா என்று வாழ்ந்தவருக்குப் பெயரே இரண்டு. வீடு மூன்று. அடக்கம் நான்கு. அவளுக்கு அந்த மூன்று கேள்வியில் ஒன்றுக்கும் பதில் இல்லை. எப்போது செத்தாள், எதனால் செத்தாள், எங்கே புதைத்தார்கள், எரித்தார்கள், எதுவும் இல்லை.

எங்கள் சட்டப்படி பொலிஸாரிடம் கொடுத்த ஒப்புதல் வாக்குமூலம் வழக்கில் செல்லாது. (பயங்கரவாதத் தடைச் சட்டத்தில் மட்டும் செல்லும், அதைப்பற்றி இன்னொரு மடல் எழுத வேண்டும்.) நெரூதாவின் வாக்குமூலம் யாரும் அடித்து வாங்கியதில்லை. தானாக எழுதியது. அச்சில் வந்து, உலக மொழிகளில் எல்லாம் பரவி, பல பத்தாண்டுகள் யாரும் நின்று பார்க்காமலே வாசித்துப்போன வாக்குமூலம். நானும் பள்ளிக்கூட நாளில் அவருடைய காதல் கவிதைகளைக் கொப்பியில் எழுதி வைத்தவள்தான். என் தகப்பனார் இடதுசாரி; வீட்டு மேசையில் மார்க்ஸும் நெரூதாவும் பக்கத்தில் பக்கத்தில் கிடந்தார்கள். அந்தப் பக்கத்தை அவரும் வாசித்திருக்க வேண்டும். எங்களோடு ஒருநாளும் கதைத்ததில்லை.

இங்கே ஒரு வெட்கத்தையும் சொல்லியாக வேண்டும். இப்போது அவளை "எங்கள் தமிழ்ப் பெண்" என்று எழுதுகிறார்கள். நானும் எழுத வந்தேன், பேனை நின்றது. 1929இல் கொழும்பில் இருந்த என் பாட்டனார் வீட்டுக்கும் வாளி எடுக்க ஒருத்தி வந்திருப்பாள். முன் கேற்றால் அல்ல, பின் ஒழுங்கையால். அவள் பெயரை எங்கள் வீட்டிலும் யாரும் கேட்டிருக்க மாட்டார்கள். அவள் தொட்ட செம்பை ஆச்சி புளி போட்டுத் தேய்த்திருப்பா. அந்நியன் ஒருவன் கையைப் பிடித்து இழுத்தபோது, அவளுக்காக வாய்திறக்க அயலில் ஒரு தமிழர் வீடும் இருந்திருக்காது. அவள் சத்தம் போடாததற்கு நெரூதா மட்டுமா காரணம்?

2018இல் சாந்தியாகோ விமான நிலையத்துக்கு நெரூதாவின் பெயர் வைக்கும் யோசனை உங்கள் பாராளுமன்றக் குழுவில் நிறைவேறியபோது, சிலியின் பெண்கள்தான் இந்தப் பக்கத்தைத் தூக்கிக் காட்டி எதிர்த்தார்கள். பெயர் மாறவில்லை. எங்களில் யாரும் கேட்பதற்கு முன் அவர்கள் கேட்டார்கள். அந்தப் பெண்களுக்கு இந்த மடலில் ஒரு நன்றி.

இதை எழுதுவதாகச் சொன்னபோது என் சிநேகிதி ஒருத்தி கேட்டாள்: அப்படிப்பட்டவன் எப்படிச் செத்தால் உனக்கென்ன? நஞ்சு கொடுத்திருந்தாலும் நல்லதுதானே? மறுபக்கத்தில் இன்னொரு பழைய தோழர்: வலதுசாரிகள் இந்தக் கதையை வைத்துத்தான் விசாரணையை மூடப் பார்க்கிறார்கள், நீயும் எண்ணெய் ஊற்றாதே. இரண்டு பேருக்கும் ஒரே பதில்தான் சொன்னேன். நான் மொழிபெயர்த்த மரண விசாரணைகளில் நல்லவர்களை மட்டும் பொறுக்கி எடுத்து விசாரித்ததில்லை. மனைவியை அடித்தவன் பொலிஸ் கூட்டில் செத்தாலும் விசாரணை விசாரணைதான். அவனை யார் கொன்றது என்று கேட்கிறபோது, அவன் மனைவியை அடித்ததைக் கோப்பிலிருந்து கிழிக்கவும் தேவையில்லை. நெரூதாவைக் கொன்றிருந்தால், கொன்றவர்கள் அவளுக்காகப் பழி வாங்கவில்லை. அவர்கள் நாட்டையே அடித்து நொறுக்கிக்கொண்டிருந்தவர்கள். அவளைப் போன்றவர்களுக்கு அவர்கள் ஆட்சியில் என்ன கிடைத்திருக்கும் என்று எனக்குத் தெரியும்.

எனவே கனம் நீதிபதி அவர்களே, முதல் விண்ணப்பம் தீர்ப்பு. இரண்டாவதற்கு விண்ணப்பம் என்று பெயர் வைக்க முடியாது. தீர்ப்புகளில் இறந்தவரைப் பற்றி ஒரு பந்தி எழுதுவீர்கள்: பிறந்தது பர்ரல், 1904, தூதர், செனட்டர், நோபல் பரிசு 1971. அந்த வரிசையில் கொழும்பும் வரும். அந்தச் சொல்லைத் தட்டச்சுச் செய்கிறவர் ஒரு கணம் நிறுத்தினால் போதும்.

தீர்ப்பு வந்ததும் முத்திரை குத்திய பிரதி ஒன்றை எனக்கு அனுப்பி வையுங்கள். தபால் செலவை நான் தருவேன். எனக்கு ஸ்பானிய மொழி தெரியாது. ஆங்கிலம் வழியாக நானே தமிழுக்கு மாற்றிக்கொள்வேன், கண் இன்னும் பரவாயில்லை. முதற்பக்கத்தில் பெயர், வயது, விலாசம் என்று மூன்று கட்டம் நிரம்பியிருக்கும். என் பிரதியில் அதற்குக் கீழே இன்னும் மூன்று கட்டம் கீறி வெறுமையாக விடுவேன். மொழிபெயர்ப்பாளர் மூலத்தில் இல்லாததைச் சேர்க்கக் கூடாது என்பது தொழில் விதி. முப்பத்தொரு வருடம் அதை மீறியதில்லை. இந்த ஒரு தடவை மீறுகிறேன் என்பதை முன்கூட்டியே உங்களுக்கு அறியத் தருகிறேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற நீதிமன்ற மொழிபெயர்ப்பாளர் ஒருத்தி,
வெள்ளவத்தை, கொழும்பு.